சக்கரம் வைத்த வீடு

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் ஒரு மேய்ச்சல் சீமை. கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புல். கோடையில் ஓடை வற்றினாலும் ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் கிடக்கும். தலைமுறை தலைமுறையாக அதைக் குடித்து வாழ்ந்தவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகள். பிறகு கிராம்பி என்ற பண்ணை முதலாளி ஆட்டு மந்தையோடு வந்தார். வந்தவர் கேட்டா வந்தார்? துப்பாக்கியோடு வந்தார்.

நகரத்து அரசாங்கத்துக்குத் திடீரென்று ஏழைகள் மேல் பாசம் பொங்கியது. யார் வேண்டுமானாலும் ஒரு துண்டு நிலம் எடுக்கலாம். ஆனால் அதில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், 'எனக்காகத்தான் எடுக்கிறேன்' என்று பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. கிராம்பி அசரவில்லை. தன் மேய்ப்பர்கள் பெயரில் நல்ல நிலங்களையெல்லாம் எடுக்க வைத்தார். வீடு? ஒரே ஒரு மரக்குடிசைக்குச் சக்கரம் மாட்டினார். அதிகாரி எந்த நிலத்தைப் பார்க்க வருகிறாரோ, அந்த நிலத்துக்கு மாடுகள் அதை இழுத்துப் போகும். என்ன சாமர்த்தியம் பாருங்கள்.

மடு இருந்த நிலம் டெவ்லின் என்ற மேய்ப்பன் பெயரில் விழுந்தது. நிலம் தன் பெயரில் உறுதியானதும் முதலாளிக்கே விற்றுவிடுவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வருஷம் மழை பொய்த்து, மடுத் தண்ணீர் பொன்னானது. டெவ்லின் வாக்கை மாற்றிக்கொண்டான். கிராம்பி போட்ட வழக்கை விசாரிக்க நீதிபதி மடுக்கரைக்கே வந்தார்.

"வாக்குத் தவறிட்டான் ஐயா. என் உப்பைத் தின்னுட்டு எனக்கே துரோகம் பண்றான்" என்றார் கிராம்பி.

"எனக்காகத்தான்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அதை மீறச் சொல்றீங்களா?" என்றான் டெவ்லின்.

"நீ இந்த வீட்டில்தான் குடியிருந்தாயா?" என்று கரையில் நின்ற மரக்குடிசையைக் காட்டி நீதிபதி கேட்டார்.

"ஆமாங்க" என்று டெவ்லின் மறுபடியும் பைபிளைத் தொட்டான். அது பொய்யென்று கிராம்பிக்குத் தெரியும். வாயைத் திறந்தால் தன் மற்ற நிலங்களும் கையை விட்டுப் போகும்.

அப்போது, வேலிக்கு வெளியே தண்ணீருக்காகப் பிள்ளைகளோடு நின்ற பழங்குடிப் பெண் ஒருத்தி பேசினாள். "பொய். அந்த வீட்டை நேத்துதான் மாடு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. சக்கரத் தடம் கூட அழியல. இங்க குடியிருந்தது நாங்க. பிள்ளைங்களுக்குத் தண்ணி விடுங்க."

நீதிபதி தடத்தைப் பார்த்தார். "நீ கிறிஸ்தவப் பெண் இல்லை. சத்தியம் செய்ய உனக்குத் தகுதியில்லை. ஆகவே நீ சொல்வது சாட்சியாகாது" என்றார். நிலம் டெவ்லினுக்கு என்று தீர்ப்பானது.

டெவ்லினைத் துரோகி என்றார் கிராம்பி. சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்றான் டெவ்லின். சட்டத்தை இம்மியும் மீறவில்லை என்றார் நீதிபதி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஏமாற்றுக்காரனை ஏமாற்றியதில் தப்பில்லை என்று டெவ்லின் பக்கம் சாய்ந்திருப்பீர்கள். தீர்ப்பு வந்ததும் அவன் செய்த முதல் வேலை வேலிக் கதவுக்குப் பூட்டுப் போட்டதுதான். மூவர் செய்ததும் அநியாயம். சத்தியம் செய்தவன் பொய் சொன்னான். உண்மை சொன்னவளைச் சத்தியம் செய்யவே விடவில்லை. அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வற்றிய ஓடை வழியே நடந்தாள். எனக்கு அதைவிட ஆத்திரம் எதில் தெரியுமா? மூவரில் யார் என்று நான் கேட்டபோது, அங்கே நான்கு பேர் இருந்தார்களே என்று உங்களில் எத்தனை பேர் என்னைத் தடுத்தீர்கள்?