எடைக்கு எடை வெல்லம்

"எனக்குப் பதிலா வேற யாராவது தராசுல உக்காரலாமா, சாமியம்மா?"

தமயந்தி இதை நின்றுகொண்டே கேட்டாள். குருவுக்கு முன்னால் விழுந்து கும்பிட வேண்டாமா என்று கேட்பீர்கள். அவளால் குனிய முடியவில்லை.

சாமியம்மாவுக்கும் அதே சந்தேகம்தான்.

"கும்பிட வந்தியா, காவலுக்கு வந்தியா? என்ன இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிறே?"

"வயித்தைக் கட்டியிருக்கேன்மா."

"எதால?"

"பழைய நூல் சேலையால. பிள்ளை பெத்தவங்க கட்டுறதுதானே."

"அது பெத்த புதுசுல. இவனுக்குப் பல்லே முளைச்சிருச்சே!"

இடுப்பில் இருந்த பிள்ளை அந்தப் பல்லைக் காட்டி அழ ஆரம்பித்தான்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வேங்கைக்குன்று முருகன் கோயிலின் அடிவாரத்தில் ஒரு மடம். அதில் சாமியம்மா. நாற்பது வயதுகூட இருக்காது. முருங்கைக்காய்க்குக் காவி கட்டிவிட்ட மாதிரி ஆள். ஆனால் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் கை ஓய்ந்துவிடும். அந்த உடம்புக்குள் அத்தனை சோறும் எங்கே போகிறது என்பது மடத்தில் இன்றுவரை யாருக்கும் விளங்காத தத்துவம்.

"யாராவதுன்னா யாரு?" என்று சாமியம்மா கேட்டார்.

"யாரா இருந்தாலும் சரிம்மா. நான் மட்டும் வேண்டாம்."

"வேண்டிக்கிட்டது யாரு?"

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அது மட்டும் அவளால் முடிந்தது.

வேண்டிக்கொண்டது அவள்தான். பிரசவ வலி வந்த அன்று வயிற்றில் பிள்ளையின் துடிப்புச் சரியில்லை என்று நர்ஸம்மா ஓடினாள், டாக்டர் ஓடினார். ஓட முடியாமல் படுத்துக்கிடந்த தமயந்தி முருகனைப் பிடித்துக்கொண்டாள். "அப்பனே, இவனை உசுரோட குடு. என் எடைக்கு எடை வெல்லம் தர்றேன்."

முருகன் அன்றைக்கே கொடுத்துவிட்டார். தமயந்திதான் இழுத்தடித்துக்கொண்டு இருந்தாள்.

"தையில பண்ணலாம்னு சொன்னே."

"கொஞ்சம் இளைச்சுக்கிட்டுப் பண்ணலாம்னு பார்த்தேன்மா."

"இளைச்சியா?"

"இல்லம்மா. பொங்கல் வந்திருச்சு."

"மாசியிலன்னு சொன்னே."

"சித்தி மகளுக்கு வளைகாப்பு வந்திருச்சு."

சாமியம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை.

தமயந்திக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்களுக்கென்னம்மா, சிரிப்பீங்க. நாலு கரண்டி தின்னாலும் உங்க உடம்புல ஒட்ட மாட்டேங்குது. நான் வாசம் பிடிச்சாலே ஒட்டிக்குது. பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்து, 'அடுத்ததா? எத்தனாவது மாசம்?'னு கேக்குறா. நாத்தனார் சுகந்தி, 'பூசினாப்ல நல்லாத்தான் இருக்கீங்க அண்ணி'ங்கறா. அந்த 'தான்'ல அவ வெக்கிற அழுத்தத்தை நீங்க கேக்கணும். கல்யாண ஜாக்கெட்டைப் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சு, இப்போ பிரிக்கிறதுக்கு உள்ள துணியே இல்ல. கண்ணாடியை முகம் மட்டும் தெரியற மாதிரி மேல தூக்கி மாட்டிட்டேன். என் உடம்பு எனக்கே யாரோ வேத்தாள் மாதிரி இருக்கும்மா. வெக்கமா இருக்கு."

சாமியம்மா சிரிப்பை நிறுத்தினார்.

"காலையில என்ன சாப்பிட்டே?"

"கொள்ளுத் தண்ணி."

"நேத்து ராத்திரி?"

"கொள்ளுத் தண்ணி."

"குதிரைக்கு நேர்ந்துவிட்டாங்களா உன்னை? இவன் ஏன் இப்படிக் கத்துறான்?"

"பால் பத்த மாட்டேங்குதும்மா." சொல்லும்போதே தமயந்தியின் குரல் இறங்கிப்போனது.

சாமியம்மா தன் முன்னால் இருந்த பொங்கல் தட்டை அவள் பக்கம் தள்ளினார். தமயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாமியம்மா வற்புறுத்தவில்லை. தட்டைத் திரும்ப இழுத்துத் தானே சாப்பிட ஆரம்பித்தார்.

"அந்தக் கூட்டத்தை நினைச்சாத்தான்மா பயம்" என்றாள் தமயந்தி.

பயப்பட வேண்டிய கூட்டம்தான், பொய் சொல்லக் கூடாது. வேங்கைக்குன்றில் ஒரு வழக்கம் உண்டு. தராசில் ஏறுகிற வெல்லம் அன்றைக்கே பானைக்குப் போய்விடும். முருகனுக்குப் படைத்த கையோடு வந்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் சர்க்கரைப் பொங்கல். அதனால் தூக்குவாளியோடு வந்து உட்காருகிற கூட்டத்துக்குச் சாமியை விடத் தராசில் யார் ஏறுகிறார்கள் என்பதில்தான் கண். ஒல்லியான ஆள் ஏறினால் கொட்டாவி விடும். கொஞ்சம் கனத்த ஆளாக இருந்தால், வெல்லம் வைக்க வைக்க, "இன்னும் வை! இன்னும் வை!" என்று மலையே அதிரக் கத்தும்.

"எனக்கு எத்தனை 'இன்னும் வை' சொல்லுவாங்கன்னு நினைச்சுப் பாருங்க. சுகந்தி போன்ல வீடியோ எடுப்பா. சொந்தக்காரங்க குரூப் பூராவும் போடுவா."

சாமியம்மா விரலை நக்கிக்கொண்டே யோசித்தார்.

"சரி. உனக்குப் பதிலா நான் உக்காருறேன்."

தமயந்திக்கு நம்ப முடியவில்லை. "நிசமாவா? சாமி ஒத்துக்குவாராம்மா?"

"ஒத்துக்கலேன்னா அவரே சொல்லுவாரு."

பங்குனி உத்திரத்தன்று தமயந்தி குடும்பத்தோடு வந்து இறங்கினாள். புருஷன் கதிரேசன் வெல்ல மூட்டைகளைப் படியேற்றி, மடத்து மண்டபத்துத் தராசுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தான். தராசில் சாமியம்மா உட்காரப் போகிற விஷயத்தைத் தமயந்தி அவனிடம்கூடச் சொல்லவில்லை. சுகந்தி போனைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

கூட்டம் தமயந்தியை மேலும் கீழும் பார்த்தது. பார்த்ததும் அதன் முகம் மலர்ந்தது. பெரிய தூக்குவாளியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த ஒரு பெரியவர் அதை எடுத்துவரத் தன் மருமகளை விரட்டினார்.

அப்போது சாமியம்மா போய்த் தராசில் உட்கார்ந்துகொண்டார்.

"இவங்களா?" என்றது கூட்டம்.

"ஐயோ, இவங்களா!" என்றது மறுபடியும்.

அர்ச்சகர் எதிர்த்தட்டில் வெல்லம் வைத்தார். இன்னும் கொஞ்சம் வைத்தார். "இன்னும் வை" என்று கத்துவதற்கு ஒருவர் வாயைத் திறந்தார். அதற்குள் சாமியம்மா மேலே போய்விட்டார்.

பெரியவர் மருமகளைத் திரும்பக் கூப்பிட்டார். "வாளி வேண்டாம்மா, வா. ஆளுக்கு அரைக் கரண்டிகூடத் தேறாது."

சாமியம்மா அந்தரத்தில் ஆடிக்கொண்டே மலையைப் பார்த்துக் கூவினார். "முருகா! நல்லாப் பார்த்துக்கோ! தமயந்தி தன் பிள்ளையோட உசுருக்குத் தர்றது இவ்வளவுதான்! அதுக்கு மேல கேக்காதே!"

தமயந்தி எதிர்த்தட்டைப் பார்த்தாள். ஒரு மூட்டை பிரிக்காமலேயே கிடந்தது. இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். அவன் தட்டிலிருந்து சிந்திய வெல்லத் துணுக்கு ஒன்றை எப்படியோ பிடித்து, அந்தப் புதுப் பல்லால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

"எறங்குங்க."

"ஏன்?"

"எம்பிள்ளைக்கு இவ்வளவுதானா?"

"இவ்வளவு போதும்னுதானே நீ சொன்னே."

"நான் எப்போ சொன்னேன்?"

"ஆள் மாத்திக் கேட்டியே, அப்போ."

"எறங்குங்கம்மா மொதல்ல!"

குருவைக் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கிய முதல் சிஷ்யை அவளாகத்தான் இருப்பாள். சாமியம்மா மறுபேச்சுப் பேசாமல் இறங்கி, ஒட்டியிருந்த வெல்லத்தைக் கையிலிருந்து நக்கிக்கொண்டே ஓரமாக நின்றார்.

தமயந்தி தட்டில் உட்காரப் போனாள். உட்கார முடியவில்லை. வயிற்றுக்கட்டு மடங்கவிடவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள். மறுபக்கமும் சாய்ந்து பார்த்தாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"இதோ வர்றேன்" என்று தூணுக்குப் பின்னால் போனாள்.

சேலை பிரிகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு நீளச் சேலை. பிறகு ஒரு பெருமூச்சு கேட்டது. பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவள் விட்ட முதல் முழு மூச்சு.

திரும்பி வந்து, சுருட்டிய சேலையைச் சாமியம்மா கையில் திணித்தாள். பிள்ளையைச் சுகந்தியிடம் நீட்டினாள்.

"அவன் எங்க போறான்?" என்று சாமியம்மா தடுத்தார்.

"என் எடைதானேம்மா வேண்டிக்கிட்டேன்."

"வேண்டிக்கிட்டப்ப அவன் எங்க இருந்தான்?"

"வயித்துக்குள்ள."

"அப்ப இன்னைக்கு மட்டும் ஏன் வெளியாளு?"

தமயந்தி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தட்டில் உட்கார்ந்தாள்.

தட்டு 'தொம்' என்று தரையில் இடித்தது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்தார்கள்தான். ஆனால் கல்யாண வீட்டில் இலை போட்டதும் வருகிற சிரிப்பு அது. "அரோகரா!" என்று யாரோ எடுத்துக்கொடுத்தார். பெரியவர் மருமகளை மறுபடியும் வாளிக்கு ஓட்டினார்.

"இன்னும் வை!"

அர்ச்சகர் வைத்தார்.

"இன்னும் வை! இன்னும் வை!"

பிள்ளை அந்தச் சத்தம் தனக்குத்தான் என்று நினைத்துக் கையைத் தட்டினான். தமயந்தி ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொரு கண்ணையும்.

அர்ச்சகர் கடைசி மூட்டையையும் கவிழ்த்து உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"வெல்லம் தீர்ந்துபோச்சு."

தமயந்தியின் தட்டு தரையை விட்டு அசையவே இல்லை.

கதிரேசனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்படித் தீரும்? கூட நாலு கிலோ போட்டுத்தானே வாங்கினேன். அம்பத்திரெண்டுன்னு நீதானே சொன்னே?"

"அது கல்யாணத்தப்பங்க."

"கல்யாணத்தப்பவா!"

தூக்குவாளி மூடிகூடச் சத்தம் போடவில்லை.

"கடை இங்கதான், கீழ. ஓடிப் போய் வாங்கியாந்துடுறேன்" என்றான் கதிரேசன். "இப்போ எவ்வளவு, அதைச் சொல்லு."

அதுதான் கேள்வி. மருந்துக் கடை வாசலில் இருக்கிற மெஷினுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் அது. பெற்ற அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை. சுகந்தி போனை இன்னும் ஒரு முழம் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

தமயந்தி சாமியம்மாவைப் பார்த்தாள். சாமியம்மா ஏதோ முக்கியமான விஷயம் நடக்கிற மாதிரி மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை வெல்லக் கையால் அம்மாவின் கன்னத்தைப் பிடித்தான். கன்னம் நிறையப் பிடித்தான்.

"எழுபத்தியாறு!" என்று தமயந்தி கத்தினாள். "எம்பிள்ளை தனி!"

"அரோகரா!" என்று கூட்டம் எழுந்தே விட்டது. பெரியவர் எழுந்த வேகத்தில் தன் துண்டை விட்டுவிட்டார். வீடியோ எடுக்க வந்த சுகந்தி, எடுக்க மறந்து மற்றவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தாள்.

கதிரேசன் ஓடத் திரும்பினான்.

"அவ்வளவையும் எதுல கட்டிட்டு வருவே?" என்று கேட்ட சாமியம்மா, கையிலிருந்த நூல் சேலையை அவன் தோளில் போட்டார். "இது தாங்கும். நல்லாக் கட்டிப் பழகின துணி."

அவன் சேலையோடு படியில் தாவி இறங்கினான். சாமியம்மா உள்ளே போய், மடத்து இட்லியை ஒரு தட்டு நிறையச் சாம்பாரோடு கொண்டுவந்து நீட்டினார். சும்மாதான் நீட்டினார்.

தமயந்தி இட்லித் தட்டைப் பார்த்தாள். பாதிப் படியில் போய்க்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க! ஏங்க, நில்லுங்க!"

கதிரேசன் பதறிப்போய்த் திரும்பினான்.

தமயந்தி இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"கூட ரெண்டு கிலோ சேர்த்தே வாங்குங்க! நான் இன்னும் சாப்பிடல!"