ஒதிய மரத்தில் மஞ்சத்துணி

மங்கையம்மாவின் மடத்துக்குப் பின்னால் ஒரு ஒதிய மரம். காய் தின்ன ஆகாது, கட்டை அடுப்புக்கும் ஆகாது. ஆனால் பச்சை நிறத்தில் நீள வாலோடு வரும் பெரிய அந்துப்பூச்சி அதில்தான் முட்டை வைக்கும். சுற்று ஊர்களில் ஒதிய மரமெல்லாம் போய்விட்டது. பூச்சியும் போய்விட்டது. மிச்சம் இந்த ஒரு மரம். அதில் வெண்டைக்காய் தடிமனில் ஏழு புழு.

மடத்துக்கு அரிசி கொடுக்கும் ஆலைக்காரர் அந்த இடத்தில் சாப்பாட்டுக் கூடம் கட்ட நினைத்தார். அம்மா வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. மரம் அறுக்க ஆள் அனுப்பிவிட்டார்.

சீடர் நல்லமுத்து அம்மாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முன்னே மரம் அறுத்துப் பிழைத்தவர். ஆள் வருகிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய் மரத்தில் மஞ்சத்துணி கட்டினார். குங்குமம் வைத்தார். அடியில் ஒரு கல்லையும் நட்டார்.

வந்த மேஸ்திரி சிரித்தான். "என்னண்ணே, ரம்பத்தை விட்டுட்டு மணியாட்ட வந்துட்டீங்களா?"

"சாமி மரம்டா தம்பி. கனவுல வந்து சொல்லிச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. மேஸ்திரி செருப்பைக் கழற்றினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ரம்பத்தை வண்டியில ஏத்துங்கடா" என்றான்.

அப்போது மங்கையம்மா வந்தார். துணியை அவிழ்த்தார். குங்குமத்தை முந்தானையால் துடைத்தார். கல்லைப் பிடுங்கிக் கிணற்றடியில் போட்டார்.

"என்னம்மா, சாமி இல்லையா?" என்றான் மேஸ்திரி.

"இல்லப்பா. புழுதான் இருக்கு."

ஆட்கள் சிரித்தார்கள். "புழுவுக்கா மரத்தை விடணும்? நாளைக்குக் கொசுவுக்கும் ஒரு மடம் கட்டுவீங்க போல!"

"புழுவுக்குத்தான். உங்க முதலாளிகிட்ட அப்படியே சொல்லு. அரிசியை நிறுத்துறதுன்னா நிறுத்தட்டும்."

மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"அறுக்கிறதுன்னா இங்கேருந்து ஆரம்பி."

மேஸ்திரி ரம்பத்தை இறக்கச் சொல்லவும் இல்லை, ஏற்றச் சொல்லவும் இல்லை. அப்படியே நின்றான்.

நல்லமுத்துவுக்குப் பதறியது. குனிந்து மெதுவாகக் கேட்டார். "போகப் போனவங்களை ஏம்மா நிறுத்தினீங்க? இருபது வருஷம் மரம் அறுத்தவன் நான். மஞ்சத்துணி கட்டின மரத்தை ஒருநாளும் தொட்டதில்லை."

"கட்டாத மரத்தை?" என்றார் அம்மா.

நல்லமுத்து விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தை வேட்டியில் துடைத்தார். மரத்தின் மறுபக்கம் போய், அவரும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.