நான்கு அடுக்களையும் ஓர் உப்புக் கரண்டியும்

மாங்குளத்து அரசர் நெடுமுடியாருக்குச் சாப்பாடு என்றால் உயிர். அரண்மனையில் நான்கு சமையல்காரர்கள், நான்கு அடுக்களைகள். ஆளுக்கோர் அடுப்பு, ஆளுக்கோர் உப்புச் சட்டி. ஓர் அடுக்களையில் குழம்பு தீய்ந்தாலும் மற்றவற்றில் தப்பும். ஆனால் அடுத்தவரிடம் கறிவேப்பிலை வாங்கக்கூட முற்றம் தாண்டி ஓட வேண்டும். விறகோ மலைமலையாய் எரிந்தது.

"ஒரே அடுக்களை, ஒரே பானை போதும் அரசே! கை நீட்டினால் எல்லாம் கிடைக்கும்," என்றார் அமைச்சர் கார்மேகம்.

ஒரே நேரத்தில் பல வேலை நடக்கக் கணினிக்குள்ளும் இந்த இரண்டு வழிகள்தாம். தனித்தனி அடுக்களை என்றால் ப்ராசஸ்; நினைவகம் தனித்தனி. ஒரே அடுக்களையில் பல கைகள் என்றால் த்ரெட்; நினைவகம் பொது.

அரசர் சம்மதித்தார். நால்வரும் ஒரே பானையில் சமைக்க, மறுநாள் குழம்பு சீக்கிரமே வந்தது. அரசர் ஒரு வாய் வைத்தார். கடலையே காய்ச்சி ஊற்றியது போலிருந்தது!

"உப்பைக் கொட்டியவன் எவன்?"

"நான் ஒரே ஒரு கை போட்டேன் அரசே," என்றார்கள் நால்வரும். சமைத்தது முதலில் சாமிக்குப் போகும்; படைக்கும் முன் ருசி பார்ப்பது அங்கே வழக்கமில்லை.

அரசர் அவையின் விகடப் புலவர் பக்கம் திரும்பினார். "வெள்ளையப்பரே! மாலைக்குள் குற்றவாளியைக் காட்டும். இல்லையேல் இவர்களோடு நீரும் நாட்டை விட்டுக் கிளம்பும்!"

வெள்ளையப்பர் நேரே அமைச்சர்களிடம் போனார். அவர்களைத் தனித்தனியே பிடித்துக் காதோடு சொன்னார்: "சாமிக்குப் பானகம் கரைக்கிறார்கள். ஒரு கை மிளகுத்தூள் போட்டுவிடுங்கள், ஐயா."

மாலையில் பிரசாதப் பானகத்தைக் குடித்த அரசர் துள்ளிக் குதித்தார். "ஐயோ, நாக்கு! எவன் போட்டான் மிளகை?"

"நான் ஒரே ஒரு கைதான்..." என்றார் கார்மேகம். மற்ற அமைச்சர்களும் அதையே முனகினார்கள்.

"இவர்களில் யாரை நாடு கடத்தலாம், அரசே?" என்றார் வெள்ளையப்பர்.

கண்ணில் நீர் வழிய அரசர் சிரித்தார். "சரி, வழி சொல்லும்!"

"அடுக்களைக்கு ஒரே உப்புக் கரண்டி. அது கையில் இருப்பவனே உப்புப் போட வேண்டும். போட்டதும் அதைப் பானைக் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். அதைப் பார்த்தவன் உப்பைத் தொடக் கூடாது."

உடனே அடுக்களையிலிருந்து ஒரு வெள்ளிக் கரண்டி வந்தது. மகிழ்ச்சியில் தலைகால் புரியாத அரசர் அதையே வெள்ளையப்பருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். அவரும் இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் குழம்பில் உப்பே இல்லை.

"எவன் உப்புப் போடவில்லை?"

"கரண்டிக்காகக் காத்திருக்கிறோம் அரசே," என்றார்கள் நால்வரும்.

எல்லோருடைய கண்ணும் வெள்ளையப்பரின் இடுப்புக்குப் போனது. அவர் கரண்டியை உருவி நீட்டினார். "கரண்டி அடுக்களையை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்ல மறந்தது என் தப்புதான். ஆனால் அடுக்களைக் கரண்டியை எடுத்துக் கொடுத்தது தாங்கள் அல்லவா, அரசே?"

அரசர் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். அன்று வெள்ளையப்பர் வீட்டுக்குப் பரிசாக ஒரு மூட்டை உப்பு போனது. கரண்டி போகவில்லை.