இரண்டு மொழிகளில் மன்னிப்பு

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் குல் ஜமான். அதை அவனுடைய தாய்மொழியில், அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றுதான் ஹலினா டீச்சரிடம் போனேன்.

“எனக்குப் பஷ்தோ சொல்லித் தாருங்கள்.”

“இது போலந்து. எல்லோரும் என்னிடம் போலிஷ் படிக்கத்தான் வருவார்கள்.”

“அதுவும் வேண்டும். முதலில் பஷ்தோ.”

“எதற்கு?”

“திட்ட.”

அவர் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

ஹலினா அந்தக் காட்டோரச் சிற்றூரைச் சேர்ந்தவர். இளவயதில் பெஷாவரில் அகதிகளுக்கான மருத்துவமனையில் தாதியாக இருந்தார். பஷ்தோவும் உருதுவும் அங்கே படித்தவை. எனக்கு உருது, சவூதியில் கொத்து வேலை செய்தபோது ஒட்டிக்கொண்டது. அதில்தான் நாங்கள் கதைத்தோம். என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் எல்லை தாண்டி வந்து, முகாமில் கிடந்து, வெளியே விடப்பட்ட எங்கள் எல்லோருக்கும் அவர்தான் டீச்சர்.

“அவனுக்குத்தான் உருது தெரியுமே. உருதுவில் திட்டலாமே?”

“திட்டினேன். சிரிக்கிறான். ‘உருதுவில் விலைதான் பேசலாம் லாலா, உறைக்காது’ என்கிறான்.”

லாலா என்றால் அவர்களிடத்தில் அண்ணன்.

“என்ன செய்தான்?”

சொன்னேன்.

காட்டுக்குள் நாங்கள் மூன்று பேர். நான், என் தம்பி யோகன், வழியில் சேர்ந்துகொண்ட குல் ஜமான். பனி கொட்டியது. யோகன் ஒரு மரத்தடியில் கண் அயர்ந்தான். நான் சுள்ளி பொறுக்கப் போனேன். திரும்பி வந்தபோது குல் ஜமான் இல்லை. யோகனின் காலில் சப்பாத்தும் இல்லை.

“அவன் என்ன சொல்கிறான்?”

“தம்பி செத்துவிட்டான் என்று நினைத்தானாம்.”

“அந்தக் குளிரில் அப்படி நினைக்கலாம்.”

“தொட்டுப் பார்த்திருக்கலாம்.”

டீச்சர் தேநீரை ஊற்றினார்.

“போலிஷ் யாரைத் திட்ட?”

“ஒரு வீட்டுக்காரரை. பெயர் தெரியாது.”

யோகனின் கால்களில் என் சட்டையைக் கிழித்துச் சுற்றி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் தெரிந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். யோகனும் படுத்தபடி தட்டினான்.

“அண்ணை, உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம். மீன் பொரிக்கிற மணம் வருது.”

விளக்கு அணைந்தது.

விடியும்போது யோகன் உயிரோடு இல்லை.

“எந்த வீடு?” என்று கேட்டார் டீச்சர்.

“பனிக்குள் எல்லா வீடும் ஒன்றுபோலத்தான். கண்டுபிடிப்பேன்.”

“இன்று பாடம் இல்லை. நாளை வாருங்கள்.”

&nbsp;

முதல் பாடம், வணக்கம்.

“எனக்கு வசவு போதும்.”

“திட்டுவதற்கும் முதலில் ஆளைக் கூப்பிட வேண்டும். சொல்லுங்கள். ஸ்தடே ம ஷே.”

“இதைக் காட்டில் தினமும் காலையில் அவன் சொல்வான். என்ன அர்த்தம்?”

“நீ களைத்துப் போகாதே.”

“போலிஷில்?”

“நல்ல நாள்.”

“எங்கள் நாளைப் பார்த்தா?”

“நாள் எப்படி இருந்தாலும் அதுதான் வணக்கம்.”

இன்னொரு நாள் சொன்னார்: “போலிஷில் கள்ளனையும் ‘ஐயா’ என்றுதான் கூப்பிட வேண்டும். மலைக் கிராமத்துப் பஷ்தூன், பெரிய மனிதரையும் ‘நீ’ என்பான்.”

“இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியம்.”

“இல்லை. ஒரே குடும்பம். தூரத்து உறவு.”

“போக்குவரத்து உள்ள உறவா?”

“கதைக்காத உறவு.”

“எங்கள் குடும்பம் மாதிரி” என்றேன்.

அன்று ஒரு நாள்தான் டீச்சர் சிரித்து நான் பார்த்தது.

&nbsp;

இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குல் ஜமான் என் அறை வாசலுக்கு வந்தான். அவனோடு தாடி நரைத்த இரண்டு பெரியவர்கள். கையில் ஒரு சட்டி. முற்றத்தில் ரத்தம். என் வாசலுக்கு முன்னால் ஆடு வெட்டியிருந்தார்கள்.

ஏதோ பெருநாள் என்று நினைத்தேன். மர ஆலையில் இரண்டு வேளை வேலை முடித்து வந்திருந்தேன். பசி.

“சாப்பிடு லாலா” என்றான்.

சாப்பிட்டேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். பெரியவர்கள் கையேந்தித் தொழுதுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஆலையில் எல்லோருக்கும் முன்னால் என் தோளில் கை போட்டான். தட்டிவிட்டேன்.

“ஏன் லாலா முகத்தைச் சுளிக்கிறாய்? ஆடு கிழடா?”

“கையை எடு.”

“அதுதான் முடிந்துவிட்டதே!”

நேரே டீச்சரிடம் போனேன்.

“முடிந்துவிட்டது என்கிறான். என்ன முடிந்தது?”

அவர் சாப்பாடு இருந்த சட்டியைப் பற்றிக் கேட்டார். முற்றத்து ரத்தத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு சொன்னார்:

“தீங்கு செய்தவன், தீங்குபட்டவன் வாசலுக்கு வந்து ஆடு வெட்டுவான். வந்தவனைத் திருப்பி அனுப்பக் கூடாது. சாப்பிட்டால் மன்னித்ததாக அர்த்தம்.”

“எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.”

“அவர்களுக்குள் அதைச் சொல்ல வேண்டியதில்லை.”

“என் வயிறு மன்னித்தது. நான் மன்னிக்கவில்லை.”

“அவனைப் பொறுத்தவரை நீங்களும் உங்கள் வயிறும் ஒன்றுதான்.”

“யோகனுக்கு ஒரு சட்டி இறைச்சியா?”

டீச்சர் மேசையில் இருந்த பாடப் புத்தகத்தை மூடினார்.

“இந்த ஊர்க்காரர்கள் மட்டும் என்ன? பேருந்தில் காலை மிதித்தவன் ‘ப்ஷெப்ரஷம்’ என்கிறான். மிதிபட்டவனும் ‘ப்ஷெப்ரஷம்’ என்கிறான். கடையில் உப்பு எங்கே என்று கேட்கவும் முதலில் அதே மன்னிப்புச் சொல். ஒரு மொழிக்காரன் ஆட்டை வெட்டுகிறான். இன்னொரு மொழிக்காரன் காற்றை ஊதுகிறான். இரண்டும் தெரிந்தவர் நீங்கள். சொல்லுங்கள் டீச்சர், எது பொய்?”

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

“கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை வாருங்கள். அன்று சொல்கிறேன்.”

&nbsp;

போனேன்.

மேசையில் வெள்ளைத் துணி. இரண்டு தட்டுகள். ஒன்றில் அவருடைய சாப்பாடு. மற்றது வெறுமை.

வெறும் தட்டுக்கு முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

“இது எனக்கா?”

“உங்களுக்கென்று வைத்ததில்லை. இந்த நாட்டில் இந்த மாலையில் எல்லா வீட்டு மேசையிலும் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். சொல்லாமல் வருகிற விருந்தாளிக்கு.”

“ஆடு வெட்டுவதைவிட மலிவு.”

“ஆம்.”

“யாராவது வந்திருக்கிறார்களா?”

“என் அம்மா காலத்தில் ஒருவரும் வந்ததில்லை. எனக்கு ஒரு தடவை வந்தார்கள்.”

“சாப்பிட்டார்களா?”

“கதவைத் திறக்கவில்லை.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் தட்டைப் பார்த்தார்.

“போன வருடம். இதே மாலை” என்றார். “இந்தத் தட்டு இதே இடத்தில் இருந்தது. நான் அடுப்பருகே நின்றேன்.”

“விளக்கை அணைத்தது?”

“நான்தான்.”

வெளியே எங்கோ மணி அடித்தார்கள். கோயிலுக்குப் போகிற பிள்ளைகளின் சத்தம் தெருவில் கேட்டது.

“முதல் நாளே உங்களுக்குத் தெரிந்துவிட்டது” என்றேன்.

“நீங்கள் மீனைப் பற்றிச் சொன்னபோது.”

“ஆனாலும் எனக்கு வணக்கம் சொல்லிக் கொடுத்தீர்கள்.”

“ஆம்.”

“ஏன் திறக்கவில்லை?”

“பயம்.”

“செத்துக்கொண்டிருந்தவனைக் கண்டா?”

“கதவுக்கு வெளியே இரண்டு குரல்கள் கேட்டன. போலிஷில் கூப்பிட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்று திறந்திருப்பேன். பஷ்தோவில் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்து திறந்திருப்பேன். அந்த மொழி பேசிச் செத்த எத்தனையோ பேரின் கண்ணை மூடியிருக்கிறேன். நீங்கள் கூப்பிட்டது எனக்குத் தெரியாத மொழி.”

அவர் எழுந்தார். ஒரு கிண்ணம் சூப்பை எடுத்து வந்தார். என் தட்டுக்கு மேலே பிடித்தபடி நின்றார். ஊற்றவில்லை.

“நான் சாப்பிட மாட்டேன்” என்றேன்.

“தெரியும்.”

“அந்த வார்த்தையையும் சொல்லாதீர்கள். பேருந்தில் கேட்டுப் புளித்துவிட்டது.”

“பஷ்தோவில்?”

“அதை விழுங்கி ஏமாந்தாகிவிட்டது.”

கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“எனக்கு வேறு மொழி தெரியாது. எதில் கேட்கட்டும்?”

“யோகன் உங்கள் வாசலில் பேசிய மொழியில் கேளுங்கள்.”

ஹலினா டீச்சர் தன் நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டார். நாங்கள் பாடத்துக்கு உட்காருவதுபோல, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“சொல்லித் தாருங்கள்” என்றார்.

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகும் அவர் கேட்டபடிதான் இருக்கிறார். தெருவில் கேட்கிறார். கல்லறையில் யோகனுக்கு விளக்கு வைக்க வரும்போதும் கேட்கிறார்.

இன்னும் சொல்லித் தரவில்லை.