வைத்தியரின் தலைப்பாகை

“இந்த வேரை வாங்கிட்டுப் போனா ஊர்ப் பூனையெல்லாம் பின்னாலயே வரும்” என்று சந்தையில் யாரோ அலுத்துக்கொண்டது, அரண்மனை மருந்தறையைப் பெருக்கும் செவந்தியின் காதில் விழுந்தது. தூக்கம் வராத ஜமீன்தாருக்குக் கஷாயம் வைக்கும் சடாமாஞ்சில் வேர்தான் அது.

மறுநாளே மருந்தறையில் இருந்த வேர் மொத்தமும் காணவில்லை. காவலர்கள் எல்லோர் மடியையும் கூடையையும் துழாவியும் கிடைக்கவில்லை.

“பெருக்குறவதான் எடுத்திருப்பா. பொழுது சாயறதுக்குள்ள கொண்டு வரலைன்னா சிறையில தள்ளுங்க, மகாராஜா” என்றார் அரண்மனை வைத்தியர் அம்பலவாணர், பெரிய தலைப்பாகையை ஆட்டியபடி.

மூன்று நாளாகக் கண்மூடாத ஜமீன்தார் செவந்தியை முறைத்தார்.

“இப்பவே கண்டுபிடிக்கிறேன் சாமி. உங்க மடியில இருக்கிற பூனையை மட்டும் கீழே விடுங்க.”

“பூனைக்கு வைத்தியம் தெரியுமாக்கும்!” என்று அம்பலவாணர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“தெரியாதுங்க ஐயா. மூக்கு மட்டும் இருக்கு.”

கீழே விட்ட பூனை செவந்தியின் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே தாவலில் வைத்தியரின் தோளில் ஏறித் தலைப்பாகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உருண்டது. துணி அவிழ்ந்து, வேர்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

ஜமீன்தார் பூனையைச் செவந்தியிடம் கொடுத்தார். வேரையெல்லாம் அள்ளி, தலைப்பாகைத் துணியில் சுருட்டித் தலைக்கு வைத்து, சபை நடுவிலேயே படுத்துக் குறட்டை விட்டார்.