போட்டியின்றிக் கிடைத்த பீடம்

முன்னொரு காலத்தில் பூந்தாழை நாட்டில் வேங்கைவர்மன் என்றொரு அரசன் இருந்தான். பேருக்குத்தான் ஆட்சி. சட்டம் போடுவது, ஏரி வெட்டுவது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் நாட்டுச் சபையின் பாடு. அரசனுக்கு வேட்டையும் மாம்பழமும் போதும். எப்போது சிரிப்பான், எப்போது சீறுவான் என்பது அவனுக்கே தெரியாது.

அந்தச் சபைக்கு மேலே ஒரு தலைப்பீடம் உண்டு. அதில் அமர்பவரைச் சபையார் ஓலை போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். வெண்குடையும் வெள்ளிக்கோலும் ஆயுள் முழுக்க அவருக்கு. ஆனால் சபை விவாதத்தில் அவர் வாய் திறக்கக்கூடாது. சபை எழுதியதற்கு முத்திரை வைக்க வேண்டும், தரும் ஓலையை எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டும்.

பழைய தலைவர் காலமானதும் அரசன் சபைக்கு வந்தான். "நம் அமைச்சர் அரவணையார் அந்த இடத்துக்கு நிற்கட்டும்! போட்டியின்றி வருகிறவருக்கு என் பட்டத்து யானைமேல் ஊர்வலம்!" என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டான்.

கச்சிராயருக்கு வயிறு பற்றி எரிந்தது. சபையின் மூத்த உறுப்பினர் அவர், எழுந்தால் உட்கார மாட்டார். மேலூர் ஏரிக்கரையை உயர்த்தலாம் என்று அரவணையார் கொண்டுவந்த யோசனையை மூன்று கூட்டமாகப் பேசிப் பேசியே முடக்கி வைத்திருந்தார். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏரியின் மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. கரை உயர்ந்தால் அந்த ஆளுக்குப் பேர் வந்துவிடுமே!

"போட்டியின்றியாம்!" என்று மனைவி மங்களநாச்சியிடம் பொருமினார். "அவனைப் பிடிக்காதவர் நாட்டில் ஒருவர்கூட இல்லை என்றல்லவா ஆகிவிடும்?"

"அப்போ நீங்க நிக்கறதுதானே?"

"தோத்துட்டா?"

"அப்போ பேசாம சாப்பிடுங்க."

மறுநாள் அமைச்சர் வீட்டு வழியாகப் போனார். வேறு வழி இல்லாமல் இல்லை, பார்க்காமல் இருக்க முடியவில்லை. வாசலில் அரவணையார் இரண்டு தலைப்பாகைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க கச்சிராயரே! நல்ல நேரத்தில் வந்தீர்கள். யானைமேல் உட்கார்ந்தால் சிவப்பு எடுப்பாக இருக்குமா, பச்சையா?"

அன்று கச்சிராயருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் யானை, திறந்தால் சிவப்புத் தலைப்பாகை. தலைப்பீடத்தின் விதிகளெல்லாம் அவருக்கு மனப்பாடம்தான். ஆனால் பொறாமை வந்து உட்கார்ந்த நெஞ்சில் விதிக்கு எங்கே இடம்? நிற்பது என்று முடிவுசெய்துவிட்டார்.

நிற்பவரின் ஓலையில் சபையார் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும். மூன்று நாள் அலைந்து மச்சான், சம்பந்தி என்று ஒன்பது பேரைப் பிடித்தார். பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. கடைசி நாள் காலையில் சபை வாசலில் ஓலையும் கையுமாக அவர் விழித்துக்கொண்டிருந்தபோது அரவணையார் வந்தார்.

"ஒன்றுதானே குறைகிறது? கொடுங்கள்" என்று எழுத்தாணியை எடுத்துத் தன் பெயரைக் கீறினார்.

"உமக்கு எதிராக நிற்க நீரே கையெழுத்தா?"

"தனியாக ஓடி ஜெயித்தால் என்ன ருசி? உங்களைத் தோற்கடித்தேன் என்றால்தானே யானைமேல் உட்காரவும் நன்றாக இருக்கும்!"

கச்சிராயர் பல்லைக் கடித்துக்கொண்டே ஓலையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பின்வாங்க விரும்புகிறவர் உச்சிமணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டும். மணி அடிக்கும் நேரத்தில், அரசன் முன்னிலையில், அரவணையார் எழுந்தார். "அரசே, கச்சிராயரே தகுந்தவர் என்று நானே கையெழுத்திட்டிருக்கிறேன். அவரையே எதிர்த்து நின்றால் ஊர் சிரிக்காதா? என் ஓலையைத் திரும்பப் பெறுகிறேன்."

அரசனின் புருவம் நெரிந்தது. ஆனால் பேச்சில் குற்றம் காண முடியவில்லை. மணி அடித்தது. "கச்சிராயர் போட்டியின்றித் தேர்வானார்!" என்று முரசு அறைந்தார்கள்.

பட்டத்து யானைமேல் நான்கு வீதியும் வந்தார் கச்சிராயர். கூட்டத்தோடு கூட்டமாக அமைச்சர் நடந்து வருவதை மேலிருந்து பார்த்தபோது நெஞ்சு குளிர்ந்து போயிற்று. 'பயந்துவிட்டான்! என்னிடம் பயந்துவிட்டான்!' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாளே அரசன் முன்னிலையில் சபை கூடியது. அரவணையார் எழுந்தார். "மேலூர் ஏரிக்கரையை மழைக்குள் உயர்த்த வேண்டும். மறுப்பவர் உண்டா?"

கச்சிராயர் பழக்கத்தில் துள்ளி எழுந்து, "இதில் நான் முக்கியமாக..." என்று தொடங்கினார்.

வெள்ளிக்கோல்காரன் கோலைத் தரையில் தட்டினான். "தலைவர் விவாதத்தில் பேசலாகாது!"

ஒன்பது சொந்தக்காரர்களும் அவரவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அளவுக்கு இழுத்துப் பேச அவர்களுக்கு வராது.

"மறுப்பின்றி நிறைவேறியது. தலைவர் முத்திரை வைக்கலாம்" என்றார் அரவணையார்.

கச்சிராயர் வைத்தார். பறித்துக்கொண்டோம் என்று நினைத்தது என்ன, பறிகொடுத்தது என்ன என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அரசன் அமைச்சரைப் பார்த்தான், பீடத்தைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "அடேயப்பா! ஓயாமல் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறீரே என்று நான் உம்மைப் பீடத்தில் ஏற்றி வாயைக் கட்டப் பார்த்தேன். நீர் அந்தக் கட்டை அவருக்குக் கட்டிவிட்டீரே! என்ன வேண்டும், கேளும்."

"யானைகள் வேண்டும் அரசே. கரைக்கு மண் சுமக்க."

"தந்தேன். ஒரு பாராட்டுப் பத்திரமும் தருகிறேன்" என்ற அரசன் அங்கேயே சொல்லச் சொல்ல எழுதவைத்தான். சபை அதையும் மறுப்பின்றி ஏற்றது. ஓலை தலைப்பீடத்துக்குப் போனது.

கச்சிராயர் எழுந்து நின்று வாசித்தார். "நம் அரவணையாரைப் போன்ற அறிவாளி... இந்த நாட்டில்... வேறொருவர் இல்லை..."

அரசன் காதில் கையை வைத்துக்கொண்டான். "கேட்கவில்லை கச்சிராயரே. முதலிலிருந்து, சத்தமாக!"