முப்பத்தெட்டு நாள் குறிப்பு

எச்.ஐ.வி. தொற்றோடு, தினமும் மாத்திரை சாப்பிட்டு, பதினோரு வருடம் நலமாக வாழ்ந்தவர் உக்கிரபாண்டி. தொற்று இருப்பது புதிதாகத் தெரிந்து, உடைந்துபோய் வருகிறவர்களிடம் பேசித் தேற்றுவது அவர் வேலை. அதை டாக்டர் ஜெசிந்தாவிடம் கற்றுக்கொண்டார். டாக்டர் அவரைவிட ஏழு வயது இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு டாக்டர்தான்.

அன்று காலை மருத்துவமனை வராந்தாவில் உக்கிரபாண்டி சுருண்டு விழுந்தார். கட்டிலில் படுக்கவைத்துச் சட்டையை விலக்கினார்கள். வயிற்றில் வரிசையாக ஊசி குத்திய புள்ளிகள்.

நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப இறங்கியிருக்கு மேடம்."

"மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?" டாக்டர் கேட்டார்.

"முப்பத்தெட்டு நாளாச்சு மேடம்."

"இது என்ன ஊசி?"

"போன்ல ஒரு குழு. வைரஸை வேரோட அழிச்சிடும்னு ஒருத்தர் தயாரிச்சு அனுப்புறார். இன்னும் யாரும் சோதிச்சுப் பாக்கல."

"அதனால நீங்க?"

"தினம் மாத்திரை. சாகுற வரைக்கும் மாத்திரை. இதுக்கு ஒரு முடிவே இல்லையா மேடம்?" எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை. "என் உடம்பு. நானே சோதிச்சா யாருக்கு என்ன? ஒழுங்கா குறிப்பு எழுதிட்டுத்தான் வாரேன்."

டாக்டர் உக்கிரபாண்டியின் பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே கொடுத்தார்.

"நாலாம் நாள் காய்ச்சல்னு இருக்கு. பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க? வாசிங்க."

"'மருந்து வேலை செய்யுது.'"

"பத்தாம் நாள். காய்ச்சல் விட்டிருச்சு."

"'மருந்து வேலை செய்யுது.'"

"இருபத்தேழு. கழுத்துல நெறி கட்டியிருக்கு."

உக்கிரபாண்டி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"'கிருமி வெளியேறுது. மருந்து வேலை செய்யுது.'"

"நேத்து?"

நேற்றைய பக்கத்தில் எழுத்து கோணலாக ஓடியிருந்தது. அவர் நோட்டை மூடினார்.

"மருந்து வேலை செய்யலன்னு நீங்க எழுதணும்னா, உங்களுக்கு என்ன ஆகணும்?"

உக்கிரபாண்டி யோசித்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

"தெரியல மேடம்."

நர்ஸ் ரத்தம் எடுக்க ஊசியோடு வந்து நின்றார்.

"எனக்குத் தெரியும்," என்றார் டாக்டர். "அது ஆகுற அன்னைக்கு, எழுத நீங்க இருக்க மாட்டீங்க."

உக்கிரபாண்டி நர்ஸிடம் கையை நீட்டினார்.